ஒரே கேபிளில் கரண்டும் காட்சியும்

போன மே மாச லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு ராத்திரி, கிணத்து மோட்டாருக்குப் போற கேபிளை வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள இருக்கிற செம்புக்காக நடக்கிற திருட்டு இது. கிராமத்துப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் புதுசு இல்ல. எங்க வீட்டு மாடிக் கேமரா அந்தத் தோட்டத்து வழியைத்தான் பார்த்துட்டு இருக்கு. காலையிலேயே தோட்டத்துக்காரர் வந்து நின்னார். "தம்பி, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, கொஞ்சம் போட்டுப் பாருப்பா."

போட்டுப் பார்த்தேன். ராத்திரி 1.10 வரைக்கும் படம் இருக்கு. அடுத்த படம் 3.05க்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல, ஏன்னா அந்த நேரம் கரண்ட் இல்ல. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எப்படின்னு தேடினா விஷயம் புரிஞ்சது. ரெக்கார்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருந்துச்சு. ஆனா நாலு கேமராவுக்கும் தனித்தனியா 12 வோல்ட் அடாப்டர், அதெல்லாம் வெளிச் சுவத்துல இருக்கிற சாதா பிளக் பாயின்ட்ல. ரெக்கார்டர் முழிச்சிட்டுத்தான் இருந்திருக்கு, கண்ணு மட்டும் மூடியிருக்கு.

"சரி விடுப்பா"ன்னு அவர் போயிட்டார். எனக்குத்தான் விட முடியல. ஏணி போட்டு ஏறி ஒரு கேமராவைக் கழட்டிப் பார்த்தேன். பின்னாடி ஸ்டிக்கர்ல தெளிவா 'பிஓஇ'ன்னு போட்டிருக்கு. வீடியோவுக்காக ஏற்கெனவே இழுத்திருந்த அதே நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் கொடுத்திருக்கலாம். மாட்டிக் கொடுத்தவர் அதைக் கண்டுக்கவே இல்ல.

இந்த பிஓஇ, அதாவது பவர் ஓவர் ஈதர்நெட், எப்படி வேலை செய்யுதுன்னு இந்தக் கட்டுரையில பார்ப்போம். ஃபார்முலாவா நம்மகிட்ட இருக்கிறது ஓம் விதி மட்டும்தான். அதுவே போதும்.

பழைய லேண்ட்லைனை ஞாபகம் இருக்கா?

வீட்ல பழைய லேண்ட்லைன் போன் இருந்திருந்தா இதைக் கவனிச்சிருப்பீங்க. தெருவே இருட்டா இருக்கும், ஆனா போன்ல டயல் டோன் வரும். காரணம், போனுக்கான கரண்ட் நம்ம வீட்டு மீட்டர்ல இருந்து வர்றதில்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற 48 வோல்ட் பேட்டரியில இருந்து, பேச்சு வர்ற அதே ரெண்டு ஒயர்ல வருது. பிஓஇயும் இதே யோசனைதான். எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்துல ஒரு பிஓஇ ஸ்விட்ச், போன் இருந்த இடத்துல கேமரா.

ஏன் 12 இல்லாம 48 வோல்ட்?

ஒரு கேமராவுக்கு 6 வாட் வேணும்னு வெச்சுக்கங்க. சுவிட்ச் இருக்கிற இடத்துல இருந்து அது 30 மீட்டர் தூரத்துல இருக்கு. நெட்வொர்க் கேபிள்ல இருக்கிற 24 கேஜ் செம்பு ஒயரோட ரெசிஸ்டன்ஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். ஒரு ஜோடி ஒயர் மட்டும்னா ஏறக்குறைய 5 ஓம்.

முதல்ல 12 வோல்ட் அனுப்பிப் பார்ப்போம். கேமராவுக்குள்ள இருக்கிற ரெகுலேட்டர் வோல்ட்டேஜ் குறையக் குறைய அதிக கரண்ட் இழுத்து 6 வாட்டை எடுக்கப் பார்க்கும். சமன்பாட்டைத் தீர்த்தா கரண்ட் 0.71 ஆம்பியர், கேமராவுக்குப் போய்ச் சேர்றது வெறும் 8.45 வோல்ட். ஒயர்ல மட்டும் 2.5 வாட் சூடாப் போயிடுது. 12 வோல்ட் எதிர்பார்க்கிற கேமரா இதுல ஒழுங்கா ஓடும்னு நம்ப முடியாது.

இப்போ 48 வோல்ட். கரண்ட் சுமார் 0.125 ஆம்பியர். ஒயர்ல குறையறது 0.6 வோல்ட்தான். நஷ்டம் 0.1 வாட் கூட இல்ல. மின்வாரியம் ஊருக்கு ஊர் ஹைடென்ஷன் லைன்ல கரண்ட் அனுப்பற அதே காரணம்தான் இங்கேயும்.

அப்போ இன்னும் மேல போகலாமே, 100 வோல்ட் ஏன் இல்ல? தொட்டாலும் பெரிய ஆபத்து வராத அளவுன்னு பாதுகாப்பு விதிகள் டிசி-க்கு வெச்சிருக்கிற எல்லை 60 வோல்ட். அதனால பிஓஇ 44ல இருந்து 57 வோல்ட்டுக்குள்ள நின்னுக்குது.

டேட்டா போற ஒயர்லயே கரண்டா?

இதுதான் எல்லாருக்கும் வர்ற சந்தேகம். ஈதர்நெட் கேபிளுக்குள்ள நாலு ஜோடி ஒயர் இருக்கு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அதுல ரெண்டு ஜோடியே போதும். 4, 5, 7, 8ன்னு நீலமும் பழுப்பும் சும்மா இருக்கும். அதுல பாசிட்டிவ், நெகட்டிவ் அனுப்பறது ஒரு வழி. இதுக்குப் பேர் மோட் பி.

மோட் ஏ-ன்னு ஒண்ணு இருக்கு. அதுல டேட்டா போற ஜோடிகள்லயே கரண்டும் போகும். ஒரு ஜோடியில டேட்டா எப்படிப் போகுதுன்னு யோசிங்க: ஒரு ஒயர்ல மேல போனா இன்னொண்ணுல கீழ போகும். ரிசீவர் பார்க்கிறது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். அந்த ரெண்டு ஒயரையும் சேர்த்து 48 வோல்ட் உயர்த்தினா வித்தியாசம் மாறுமா? மாறாது. லிஃப்ட்ல நிக்கிற ரெண்டு பேரோட உயர வித்தியாசம், லிஃப்ட் எந்த மாடிக்குப் போனாலும் மாறாத மாதிரி.

இதைச் செய்யறது ஈதர்நெட் போர்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதோட காயிலுக்கு நடுவுல இருக்கிற சென்டர் டேப்ல டிசி-யைக் கொடுப்பாங்க. கரண்ட் ரெண்டு பாதியிலயும் சமமாப் பிரிஞ்சு எதிரெதிர் திசையில ஓடும். அதனால கோர்ல உண்டாகிற காந்தப் புலம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும், கோர் சாச்சுரேட் ஆகாது. கேமரா பக்கத்துல இன்னொரு சென்டர் டேப்ல இருந்து அந்த டிசி-யை வெளிய எடுத்து, ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியா டிசி-டிசி கன்வெர்ட்டருக்குக் கொடுத்து, வேண்டிய வோல்ட்டேஜுக்குக் குறைச்சுக்குவாங்க. கிகாபிட்ல நாலு ஜோடியிலயும் டேட்டா போகும். அப்பவும் இதே வித்தைதான்.

கேட்டுட்டுத்தான் கொடுக்கும்

தெரியாம லேப்டாப்பை பிஓஇ போர்ட்ல சொருகிட்டா எரிஞ்சிடுமா? எரியாது. ஸ்விட்ச் எடுத்த எடுப்புலேயே 48 வோல்ட்டை விடறதில்ல.

முதல்ல 2.7ல இருந்து 10 வோல்ட்டுக்குள்ள சின்ன வோல்ட்டேஜ் கொடுத்து, அந்தப் பக்கம் சுமார் 25 கிலோ ஓம் ரெசிஸ்டர் தெரியுதான்னு பார்க்கும். அதுதான் பிஓஇ சாதனத்தோட அடையாள அட்டை. லேப்டாப்ல அது கிடையாது, அதனால கரண்டும் கிடையாது.

அடையாளம் சரின்னா அடுத்து 15.5ல இருந்து 20.5 வோல்ட்டுக்குள்ள கொடுத்து, சாதனம் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்த்து அதோட கிளாஸைத் தெரிஞ்சுக்கும். 'எனக்கு 4 வாட் போதும்', 'எனக்கு 15 வேணும்'னு சாதனம் சொல்ற மொழி இது. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் முழு வோல்ட்டேஜ். கேபிளைப் பிடுங்கிட்டா கரண்ட் ஓட்டம் நின்னதைப் பார்த்து அரை வினாடிக்குள்ள நிறுத்திடும்.

12.95 வாட், இது எங்கிருந்து வந்த எண்?

ஐஇஇஇ அமைப்பு இதுக்கு மூணு முக்கியமான தரங்களை வெளியிட்டிருக்கு. 2003ல வந்தது 802.3ஏஎஃப்: ஸ்விட்ச் கொடுக்கிறது 15.4 வாட், சாதனத்துக்கு உறுதியாக் கிடைக்கிறது 12.95 வாட். 2009ல வந்தது 802.3ஏடி, கடையில பிஓஇ பிளஸ்ம்பாங்க: கொடுக்கிறது 30, கிடைக்கிறது 25.5. 2018ல வந்த 802.3பிடி நாலு ஜோடியையும் பயன்படுத்தி 60, 90 வாட் வரைக்கும் கொடுக்கும்.

இந்த விசித்திரமான எண்களை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. முதல் தரத்துல குறைஞ்ச வோல்ட்டேஜ் 44, அதிக கரண்ட் 0.35 ஆம்பியர். பெருக்கினா 15.4. கேபிளோட அதிகபட்ச ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு எடுத்துக்கிட்டாங்க. 0.35-ன் வர்க்கத்தை 20ஆல பெருக்கினா 2.45 வாட். 15.4ல அதைக் கழிச்சா 12.95! ரெண்டாவது தரத்துக்கு 50 வோல்ட், 0.6 ஆம்பியர், 12.5 ஓம் போட்டு நீங்களே செஞ்சு பாருங்க. 25.5 சரியா வரும்.

அசையாம நிக்கிற சாதாரண வீட்டுக் கேமராவுக்கு முதல் தரமே தாராளம். தலையைத் திருப்பற, ஜூம் பண்ற பெரிய கேமராவுக்குத்தான் பிஓஇ பிளஸ் தேவைப்படும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

கேபிள்: விலை குறைவான பல கேபிள்கள்ல ஒயர் முழுச் செம்பு இல்ல, அலுமினியத்து மேல செம்புப் பூச்சு. சிசிஏன்னு சொல்வாங்க. ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல. பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அதுதான். பிஓஇக்கு அது வேண்டாம்.

மொத்த வாட்: ஸ்விட்ச் டப்பாவுல 'ஒரு போர்ட்டுக்கு 30 வாட், 8 போர்ட்'னு இருக்கும். 240 வாட் கிடைக்கும்னு நினைச்சுடாதீங்க. கீழ சின்ன எழுத்துல மொத்தம் 65 வாட்னு இருக்கலாம். பகல்ல நல்லா ஓடற கேமரா சாயங்காலம் ஆனா ரீஸ்டார்ட் ஆகிட்டே இருந்தா இந்தக் கணக்கைத்தான் முதல்ல பாருங்க. இருட்டினதும் இன்ஃப்ராரெட் எல்இடி எரிய ஆரம்பிச்சு வாட் ஏறும்.

பேசிவ் பிஓஇ: சில இன்ஜெக்டர்கள் எதையும் கேட்காம நேரா 24 அல்லது 48 வோல்ட்டை விட்டுடும். முன்னாடி சொன்ன அந்த 25 கிலோ ஓம் பரிசோதனை இதுல கிடையாது. தப்பான சாதனத்துல சொருகினா போச்சு. 802.3 எண் எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

மழையும் இடியும்: கேமராவோட வர்ற வாட்டர் ப்ரூஃப் மூடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கேபிள் கேமராவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்க விட்டு மேல ஏத்துங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போற கேபிளுக்கு சர்ஜ் ப்ரொடெக்டரும் சரியான எர்த்தும் அவசியம். 230 வோல்ட் ஒயர் போற பைப்புல இதைச் சேர்த்து இழுக்காதீங்க.

பாஸ்வேர்ட்: 2016ல மிராய்ங்கிற மால்வேர், கம்பெனியில வெச்சு அனுப்பின பாஸ்வேர்டை யாரும் மாத்தாம விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடிச்சு, பெரிய பெரிய வெப்சைட்டுகளை முடக்கிச்சு. வெளிச் சுவத்துல தொங்கற கேபிளும் உங்க நெட்வொர்க்குக்கு ஒரு வாசல்தான். முடிஞ்சா கேமராக்களைத் தனி விலான்ல வையுங்க.

மறுபடி அந்த ரெண்டு மணி நேரம்

லீவு முடியறதுக்குள்ள ஒரு வேலை செஞ்சேன். பழைய ஸ்விட்ச்சை எடுத்துட்டு பிஓஇ ஸ்விட்ச் வெச்சு, அதையும் ரூட்டரையும் ரெக்கார்டர் இருக்கிற அதே இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்தினேன். புது கேபிள் ஒரு மீட்டர் கூட இழுக்கல. நாலு அடாப்டரும் இப்போ டிராயர்ல.

கணக்கு இதுதான். கேமரா நாலுக்கும் 24 வாட், ஸ்விட்ச் 5, ரெக்கார்டர் 15, ரூட்டர் 10. மொத்தம் 54 வாட், ஒரு ஃபேன் ஓடற அளவு கூட இல்ல. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில 12 வோல்ட்டுக்கு 1800 வாட் ஹவர் இருக்கு. நஷ்டம், பேட்டரி வயசு எல்லாம் போகப் பாதிதான் கிடைக்கும்னு வெச்சாலும் 16 மணி நேரம். கூட 75 வாட் ஃபேன் ரெண்டு ஓடினா நாலு மணி நேரத்துக்கு மேல. ரெண்டு மணி நேர இருட்டைத் தாண்ட இது போதும்.

தோட்டத்துக்காரருக்கு அந்தக் கேபிள் திரும்பக் கிடைக்கல. புதுசு வாங்கித்தான் போட்டார். நான் கிளம்பற அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "இப்போ கரண்ட் போனாலும் தெரியுமா?"ன்னு கேட்டார். பதில் சொல்லல. நேரா போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு அவரைக் கூட்டிட்டு வந்து டிவி முன்னாடி உட்கார வெச்சேன். அவர் தோட்டத்து வழி தெரிஞ்சுட்டே இருந்துச்சு.

நீங்களும் அடுத்த தடவை வீட்டுக்குப் போனா இதைச் செஞ்சு பாருங்க. பத்து நிமிஷம் மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாருங்க. அந்தப் பத்து நிமிஷம் அதுல இல்லைன்னா, ஏணியை எடுத்து கேமரா ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வாங்க.