தகவல் துளி: விளிம்பில் நிற்கும் இரும்பு வளைவு

வட கடல் பக்கத்துப் பழைய மீன்பிடிக் கப்பல்களின் படங்களைப் பார்த்தால், பக்கவாட்டு விளிம்பில் தலைகீழ் ‘ப’ எழுத்தைப் போல ஒரு கனத்த இரும்பு வளைவு தெரியும். படகு இறக்கவா, சரக்கு ஏற்றவா என்று குழம்ப வேண்டாம். அது இழுவலைக்கான ‘கேலோஸ்’.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இவை ஜோடியாக நிற்கும். உச்சியில் தொங்கும் கப்பி வழியாகத்தான் வின்ச் என்ற சுருட்டுப் பொறியிலிருந்து வரும் கம்பி வடம் கடலுக்குள் இறங்கும். ஒவ்வொரு வடத்தின் நுனியிலும் இரும்புப் பட்டை அடித்த ஒரு பெரிய பலகை; அவற்றுக்குப் பின்னால் வலை. கப்பல் இழுக்க இழுக்க, தண்ணீரின் அழுத்தம் இரு பலகைகளையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். வலையின் வாய் விரியும். வலையைத் தூக்கும்போது பலகைகளை இந்த வளைவிலேயே சங்கிலியால் மாட்டிவிடுவார்கள்.

அடையாளம் உறுதியாக வேண்டுமா? வளைவுக்கு நேர் கீழே பாருங்கள். பலகை மோதி உராய்ந்த தழும்புகள் இருக்கும். அந்த மோதலைத் தாங்கக் கூடுதல் இரும்புப் பட்டைகளும் பதித்திருப்பார்கள்.

1954-இல் ‘ஃபேர்ட்ரை’ என்ற மீன்பிடிக் கப்பல் பின்புறச் சரிவு வழியாக வலையை ஏற்றத் தொடங்கியது. அம்முறை பரவவே, பக்கவாட்டு வளைவுக்கு வேலை குறைந்தது. 1960-இல் கட்டப்பட்ட ‘ஆர்க்டிக் கோர்செய்ர்’ என்ற பக்கவாட்டு இழுவைக் கப்பலை இங்கிலாந்தின் ஹல் நகரம் இன்றும் பாதுகாத்து வருகிறது.