பெட்டி ஒன்று, ஆபத்து மூன்று

படுக்கை, ஃப்ரிட்ஜ், ஏ.சி. என்று வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் கேரவன் வண்டி ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டுமே வாய்த்தது. இன்று குடும்பங்களும் வாடகைக்கு எடுக்கின்றன. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் பயணத்துக்கு இந்த வண்டி ரொம்பவே சௌகரியம்.

சிக்கல் ராத்திரியில் ஆரம்பிக்கிறது. ஓடும்போது பேட்டரி போதும். நிறுத்தி ஏ.சி. போட வேண்டுமானால் லாட்ஜ் வாசலிலோ தோட்டத்து மோட்டார் கொட்டகையிலோ ஒரு சாக்கெட்டைத் தேட வேண்டும். தென் ஆந்திர மின் விநியோக நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில்தான் இருக்கிறது. ஆனால், மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங் கட்டிடச் சொந்தக்காரரின் பொறுப்பு. அது எப்படி இருக்கும் என்பது பிளக்கைச் செருகும்வரை தெரியாது.

‘சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். மின்னல் அருகில் விழும்போதோ லைனில் பெரிய சுவிட்ச் மாறும்போதோ, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரும். உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வில்லை அதை வாங்கித் திருப்பிவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். அதனால், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் விளக்கு உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது ஆபத்து நின்று தாக்குவது. சித்தூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் ஏராளம். ஒரே லைனில் பல மோட்டார்கள் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் இறங்கும். சேர்ந்து நின்றால் ஏறும். இதைவிட மோசம், நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட வரலாம், அதுவும் நிமிடக்கணக்கில். சாதாரண சர்ஜ் பெட்டி இதைத் தாங்காது. சூடேறித் தானே எரியும். இதற்குத் தேவை, வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் கட்‑ஆஃப் கருவி. ஏறக்குறைய 180க்குக் கீழும் 260க்கு மேலும் துண்டித்து, மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி இணைத்தால் ஏ.சி.யின் கம்ப்ரஸரும் பிழைக்கும். ஸ்டெபிலைஸர் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும்; ஆனால் 400 வோல்ட்டைச் சமாளிக்க அதையும் நம்ப முடியாது.

மூன்றாவது ஆபத்து உயிருக்கே உலை வைப்பது. சாக்கெட்டில் எர்த் இல்லாமல், வண்டிக்குள் எங்காவது மின்கசிவும் இருந்தால், இரும்பு உடல் முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்கும். டயர் ரப்பர் என்பதால் அது தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் நின்றபடி கதவுப் பிடியைத் தொடும் குழந்தைதான் அதற்கு வழியாகும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். பிளக் செருகுமுன் சாக்கெட்டைச் சோதிக்க, மூன்று விளக்கு உள்ள சிறு டெஸ்டர் போதும். எர்த் இல்லை, கம்பிகள் மாறியிருக்கின்றன என்று அது காட்டினால் அந்த சாக்கெட்டைத் தொடவே கூடாது.

வெளிநாட்டு உறவினர் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பெட்டி இங்கே உதவாது. அது 120 வோல்ட்டுக்கானது. இந்திய சாக்கெட்டுக்கு 230 வோல்ட், 16 ஆம்பியர் என்று குறித்திருப்பதையே வாங்க வேண்டும்.

நேரடி மின்னலுக்கு எந்தப் பெட்டியும் ஈடு கொடுக்காது. திருப்பதி‑சித்தூர் சாலையை ஒட்டிய காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ராடார், 1990களிலிருந்து வளிமண்டலத்தை ஆராய்ந்து வருகிறது. வானத்தைக் கவனிக்க வண்டிக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை, காது போதும். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் தூரத்தில் இடி முழங்கியதுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரும்புக் கூரை உள்ள வண்டிக்குள் கண்ணாடிகளை ஏற்றி உட்காரலாம். ஃபைபர் கூரையானால் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். பிளக்கைப் பிடுங்க ஒரு பைசா செலவில்லை.