பும்ராவின் பௌலிங் ஆக்‌ஷனை காப்பி அடிக்க முடியுமா?

வீக்எண்ட் டர்ஃப் கிரிக்கெட்டில் பும்ரா மாதிரியே கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும் ஒருவர் எப்படியும் இருப்பார். ஓட்டம் அதேபோல வந்துவிடும், பந்து வராது. பயிற்சி போதாது என்பது பாதிக் காரணம்தான். மீதி, எலும்பிலும் மூட்டிலும் இருக்கிறது.

பும்ராவின் கையில் என்ன ஸ்பெஷல்?

உங்கள் கையை முழுதாக நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நேர்கோட்டிலோ, அதைக் கொஞ்சம் தாண்டியோ நின்றுவிடும். பும்ராவின் முழங்கை நேர்கோட்டைத் தாண்டி நன்றாகவே பின்பக்கம் வளையும். இதுதான் ஹைப்பர்எக்ஸ்டென்ஷன். சின்ன ரன்-அப், நீட்டிய கை, பந்தை ரொம்ப முன்னால் கொண்டுவந்து விடுவது என அவரது டெக்னிக் இந்தக் கையோடு சேர்ந்தே உருவானது. டெஸ்ட்டில் 20-க்குக் கீழான சராசரியோடு 200 விக்கெட்டை எட்டிய முதல் பௌலர் அவர்தான் (2024).

முரளிதரனுக்கு?

நேர் எதிர். அவரது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. 1995 மெல்போர்ன் பாக்ஸிங் டே டெஸ்ட்டில், எறிகிறார் என்று நடுவர் டாரெல் ஹேர் 7 முறை நோ-பால் கொடுத்தார்.

அப்போ, வளைந்த கை தப்பா?

இல்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை, முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. கடைசிவரை வளைந்தே இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

முன்பு ஸ்பின்னருக்கு 5, மீடியம் பேஸருக்கு 7.5, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 டிகிரி வரை அனுமதி. ‘சுத்தமான ஆக்‌ஷன்’ என்று பெயர் வாங்கியவர்களின் கையும் கொஞ்சம் நிமிர்வதை லேப் கேமராக்கள் காட்டின. 2005 முதல் எல்லோருக்கும் 15 டிகிரி. ஹைப்பர்எக்ஸ்டென்ஷன் இந்தக் கணக்கில் சேராது. முரளி 800 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார்.

நமக்கு என்ன?

வேகமாகப் பந்து வீசும்போது கீழ்முதுகில் பெரும் சுமை இறங்கும். பும்ராவுக்கே 2019-ல் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், 2023-ல் முதுகு அறுவை சிகிச்சை. வேறொருவர் உடலுக்குப் பொருந்திய ஆக்‌ஷனை நம் உடலில் திணித்தால் வேகம் கூடும் என்று உத்தரவாதம் இல்லை, வலிக்கு வாய்ப்பு உண்டு. கோச்சுகளுக்கும் இதே பாடம்தான்: பையனின் ஆக்‌ஷன் விசித்திரமாக இருக்கிறதே என்று திருத்தும் முன், அவன் கையை ஒருமுறை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.