சறுக்கலும் சட்டமும்: பேஸ்பால் ஆட்டத்தில் உடற்காப்பு

பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாகக் காண்பவர்க்கு வியப்பளிக்கும் காட்சி ஒன்றுண்டு. முழு வேகத்தில் ஓடிவரும் ஆட்டக்காரர், தாம் சேரவேண்டிய தளத்திற்குச் சில அடி தொலைவிலேயே தரையில் விழுந்து, புழுதி கிளம்பச் சறுக்கிச் செல்கிறார். தடுக்கி விழுந்தாரோ என்று ஐயுறத் தோன்றும். தமிழில் சறுக்கல் என்பது பெரும்பாலும் பிழையைக் குறிக்கும் சொல். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்னும் பழமொழியில் அது வருவது அப்பொருளிலேதான். பேஸ்பாலிலோ சறுக்கல் பயின்று கைவந்த திறன். அத்திறன் எவ்விடத்தில் வன்முறையாக மாறுகிறது என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாட்டத்தில் நிலவிவரும் வழக்காகும்.

பள்ளியில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். ஒன்றுக்கொன்று 90 அடி. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் எனச் சுற்றிவந்து, புறப்பட்ட இடமாகிய தாய்த்தளத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம். முதல் தளத்தை மட்டும் ஓடிக் கடந்து அப்பால் செல்லலாம். இரண்டாம், மூன்றாம் தளங்களில் அங்ஙனம் கடந்து செல்வாராயின், பந்தை வைத்திருப்பவர் அவரைத் தொட்ட அளவிலேயே ஆட்டமிழக்க நேரும். ஆகவே வேகத்தைக் குறைக்காமல் ஓடியும் வரவேண்டும். வந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே முடித்துத் தருவது தரையின் உராய்வு. உடல் தாழ்ந்து வருவதால், தொட வரும் கைக்கு அகப்படும் பரப்பும் குறைகிறது.

இதுவரை எவர்க்கும் பெருங்கேடில்லை. கேடு பெரும்பாலும் தோன்றுமிடம் இரண்டாம் தளம். முதல் தளத்தில் ஓர் ஓட்டக்காரர் நிற்கிறார். மட்டையாளர் பந்தைத் தரையோடு அடிக்கிறார் என்று கொள்க. முதல் தளத்தை மட்டையாளருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருத்தலின், அங்கு நின்றவர் இரண்டாம் தளத்திற்கு ஓடியே தீரவேண்டும். அவர் வந்து சேருமுன் காவலர் ஒருவர் பந்தைப் பெற்றுத் தளத்தை மிதித்தாலே போதும், அவர் ஆட்டமிழந்தார். மிதித்த காவலர் உடனே திரும்பி முதல் தளத்திற்குப் பந்தை எறிவாராயின் மட்டையாளரும் வீழ்வார். ஒரே அடியில் இருவர்! இதனை இரட்டை வீழ்ச்சி எனலாம். மூவர் வீழ்ந்தால் அடிக்கும் முறையே பறிபோகும் ஆட்டத்தில் இஃது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

தம் நிலை போயிற்று என்று அறிந்த ஓட்டக்காரர் தம் அணிக்குச் செய்யத்தக்கது அப்போது ஒன்றே எஞ்சியிருக்கிறது: காவலரின் எறிதலைக் கெடுப்பது. காவலரோ ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி, உடலைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவர் கண் வரும் பந்தின் மீதோ முதல் தளத்தின் மீதோ இருக்கும். தம்மை நோக்கி வருபவர் மீது இருக்க இயலாது. உடலின் முழு எடையும் ஊன்றிய காலில் நிற்கும். காலணியின் அடியிலுள்ள முட்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருப்பதால், மோதல் நேரும்போது அக்கால் எளிதில் விலகிக்கொடுக்காது. விலகாத காலில் முழங்காலோ கணைக்காலோ அடியை ஏற்கவேண்டும். களத்தில் நிற்பவர்களுள் இவ்வளவு காப்பற்ற நிலையில் நிற்பவர் வேறு எவருமிலர்.

பழங்கால ஆட்டத்தின் கடுமைக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டும் பெயர் டெட்ராய்ட் அணியின் டை காப். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மூன்றாம் தளத்திற்குச் சறுக்கியபோது, பிலடெல்பியா அணியின் பிராங்க் பேக்கர் என்பாரின் முன்கையை அவர் காலணி முள் கிழித்தது. பேக்கர் கட்டுப்போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். ஆயினும் பிலடெல்பியா மக்கள் கொதித்தெழுந்தனர்; காப்புக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. நிகழ்ச்சியின் ஒளிப்படம் ஒன்று பின்னர் வெளிவந்தது. காப் தளத்தை நோக்கியே கால் நீட்டினார், பேக்கரே குறுக்கே கை நீட்டினார் என்று காப்பின் பக்கத்தார் அதைக் காட்டி வாதிட்டனர். காப் தம் காலணி முட்களை அரத்தால் தீட்டிக் கூராக்கினார் என்னும் கதை இன்றளவும் வழங்குகிறது. அவரோ அதை மறுத்தே வந்தார். ஒரே செயலை ஒரு சாரார் வீரம் என்பதும் மறு சாரார் கொடுமை என்பதும் அன்றே தொடங்கிவிட்டன.

தாய்த்தளத்தில் நிகழ்வது வேறுவகை. அங்கே சறுக்கலைவிட நேர்மோதலே மிகுதி. 1970ஆம் ஆண்டு சின்சினாட்டியில் நடந்த நட்சத்திர ஆட்டத்தின் 12ஆம் சுற்றில், பீட் ரோஸ் தாய்த்தளத்தில் ரே பாசி என்னும் பந்துபிடிப்பாளரை மோதித் தள்ளி வெற்றி ஓட்டத்தை எடுத்தார். அது காட்சிப் போட்டி என்பதை மறத்தலாகாது. பாசியின் தோள் முறிந்திருந்தது; உடனே அது கண்டறியப்படவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். அப்பருவத்தில் அதற்குமுன் 16 ஹோம்ரன் அடித்திருந்தவர், பின்னர் அடித்தவை இரண்டே. ஓர் இளைஞரின் ஆற்றலுக்கு ஒரு நொடி விதித்த விலை அது.

1977ஆம் ஆண்டு அமெரிக்க லீக் இறுதித் தொடரில், கான்சாஸ் சிட்டி அணியின் ஹால் மெக்ரே, தளத்தைப் பற்றிக் கவலையின்றி நியூயார்க் யாங்கீஸ் காவலர் வில்லி ராண்டால்ப் மீது உடலோடு பாய்ந்து அவரைச் சாய்த்தார். இத்தகைய செயலுக்கு மட்டையாளரையும் சேர்த்து ஆட்டமிழக்கச் செய்யும் அதிகாரம் பின்னர் மெக்ரேயின் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்று நடுவர் கருதவேண்டும் என்பது அதிலிருந்த முடிச்சு. நோக்கத்தை அளக்கும் கோல் எந்த நடுவர் கையிலும் இல்லை.

இம்முடிச்சு எத்துணை இறுக்கமானது என்பதை 2015ஆம் ஆண்டு காட்டியது. செப்டம்பர் 17ஆம் நாள், பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடிய கொரிய வீரர் காங் ஜங்ஹோவின் காலில் சிகாகோ கப்ஸ் அணியின் கிறிஸ் காக்லன் சறுக்கி மோதினார். காங்கின் முழங்கால் இணைப்பு நார் கிழிந்தது. அதன் கீழுள்ள எலும்பும் முறிந்தது. அவர்தம் பருவம் அன்றோடு முடிந்தது. எனினும் காக்லன் ஆடவேண்டிய முறைப்படியே ஆடினார், அவருக்குத் தீய எண்ணம் இல்லை என்று அறிக்கை விட்டவர் அடிபட்ட காங்கே! நோக்கமே குற்றத்தின் அளவு என்றால், இங்குக் குற்றமில்லை. முறிந்த எலும்பு மட்டும் இருந்தது.

ஒரு மாதம் கழியுமுன், அக்டோபர் 10ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கும் டாட்ஜர்ஸ் அணிக்கும் நடந்த தகுதிச்சுற்று ஆட்டம். ஏழாம் சுற்றில் மெட்ஸ் 2-1 என முன்னிலையில் இருந்தது. தரையோடு வந்த பந்தைப் பிடித்த டேனியல் மர்பி அதை ரூபன் தெஹாடாவிடம் தட்டிவிட்டார். பின்பக்கமாக வந்த பந்தை வாங்கிய தெஹாடா, ஓடிவருபவருக்கு முதுகு காட்டிச் சுழன்றார். டாட்ஜர்ஸ் வீரர் சேஸ் அட்லி தளத்தை அணுகிய பின்னரே, மிகத் தாமதமாக, அவர் மீது சரிந்தார். தெஹாடாவின் வலக்கால் சிறு எலும்பு முறிந்தது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் விந்தை. நடுவர் முதலில் அட்லி ஆட்டமிழந்தார் என்றார். ஒளிப்பதிவை மீண்டும் பார்த்தபோது தெஹாடாவின் கால் தளத்தைத் தொடவில்லை என்று தெரியவந்தது. தளத்தை அட்லியும் தொடவில்லை! ஆயினும் தீர்ப்பு மாற்றப்பட்டு, அவர் இரண்டாம் தளத்தில் நிறுத்தப்பட்டார். ஓட்டக்காரருக்கு அஞ்சும் காவலர் தளத்தை ஒட்டிச் சென்றாலே மிதித்ததாகக் கொள்ளும் பழைய சலுகை ஒன்று இருந்தது. பந்து நேராக வரவில்லை என்ற காரணத்தால் அதுவும் தெஹாடாவுக்குக் கிட்டவில்லை. ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 5-2 என வென்றது. அட்லிக்கு இரண்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது, அவர் முறையிட்டார், 2016 மார்ச்சில் அத்தடையும் நீக்கப்பட்டது. தெளிவான விதி இல்லாத இடத்தில் தண்டனையும் நிலைக்கவில்லை என்பது இதன் பொருள்.

2016ஆம் ஆண்டில் வந்த புதிய விதி நோக்கத்தை ஆராய்வதை விட்டுச் செயலை ஆராயலாயிற்று. ஓட்டக்காரர் தளத்தை அடையுமுன்னரே தரையைத் தொட்டுச் சறுக்கத் தொடங்கவேண்டும். கையாலோ காலாலோ தளத்தை எட்ட முயலவேண்டும். சறுக்கி முடித்தபின் தளத்திலேயே தங்க முயலவேண்டும். மோதுவதற்காக வழியை மாற்றலாகாது. உருண்டு மோதுவதும், காவலரின் முழங்காலுக்கு மேலாகக் காலை வேண்டுமென்று தூக்குவதும் விலக்கப்பட்டன. மீறினால் அவரும் மட்டையாளரும் சேர்ந்தே ஆட்டமிழப்பர். இரட்டை வீழ்ச்சியைத் தடுக்கச் செய்த செயலே இரட்டை வீழ்ச்சியாக முடியும் என்க. எவ்வளவு நுட்பமான தண்டனை! காவலரின் பழைய சலுகையும் ஒளிப்பதிவு ஆய்வுக்கு உட்பட்டது. இனி அவர் தளத்தை உண்மையாகவே மிதிக்கவேண்டும்.

விதி வந்த முதல் வாரத்திலேயே, ஏப்ரல் 5ஆம் நாள், டொரன்டோ வீரர் ஹோசே பவுட்டிஸ்டா சறுக்கும்போது அவர் கை காவலரின் காலில் பட்டது. ஆட்டம் அத்தீர்ப்போடே முடிந்தது. டாம்பா விரிகுடா அணி 3-2 என வென்றது. யாருக்கும் காயமில்லை. ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்ற குரல் எழுந்தது. அக்குரலில் சிறிதளவு நியாயமுண்டு. கை பட்டதற்கும் கால் முறிந்ததற்கும் ஒரே தண்டனை என்பது உறுத்தலாகவே இருக்கும். ஆனால் காயம் பட்டதா இல்லையா என்று பார்த்தபின் தீர்ப்புச் சொல்லும் விதி, காயத்தைத் தடுக்கும் விதியாகாது.

தாய்த்தள மோதலுக்கு இதற்கு ஈராண்டு முன்னரே கட்டுப்பாடு வந்துவிட்டது. 2011 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ அணியின் பஸ்டர் போசி ஒரு மோதலில் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் நார்களும் கிழிந்து, அப்பருவம் முழுவதையும் இழந்தார். 2012இல் மீண்டுவந்து சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். 2014 முதல், பந்துபிடிப்பாளரை மோதுவதற்காக வழி விலகுதல் கூடாது. பந்து கையில் இல்லாத பிடிப்பாளர் வழியை மறித்தலும் கூடாது. ஜப்பானிய லீக்கும் 2016இல் தாய்த்தளத்திற்கு இத்தகைய விதியை ஏற்றது. இரண்டாம் தளத்திற்கு அடுத்த ஆண்டு.

விதியால் முடிவது சிறிது; கருவியால் முடிவது பெரிது என்று சொல்லத்தக்க சான்றும் உண்டு. சறுக்குபவர் காயமுறுவது பலமுறை தளத்தாலேயே நேர்கிறது. தரையில் உறுதியாக நடப்பட்ட தளத்தில் வேகமாக வரும் கால் மோதினால், விட்டுக்கொடுப்பது காலே. மிச்சிகன் மாநிலத்தில் 1980களில், மோதினால் கழன்றுகொள்ளும் தளங்களைப் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களில் சோதித்தனர். இரு வகையிலும் 600க்கு மேற்பட்ட ஆட்டங்கள். நிலையான தளங்களில் சறுக்கற் காயங்கள் 45. கழலும் தளங்களில் 2. சிறுவர் லீக்குகளில், 12 வயதுக்குட்பட்டோர் முன்னேறிச் செல்லும்போது தலையை முன்நீட்டிச் சறுக்கினால் ஆட்டமிழந்தவராகக் கருதப்படுவர்; முன்பு நின்ற தளத்திற்குத் திரும்பும்போது மட்டும் அதற்கு இசைவுண்டு.

பெரிய லீக்கில் 2023ஆம் ஆண்டு முதல் தளங்களின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்த்தப்பட்டது. முதல் தளத்திற்கும் இரண்டாம் தளத்திற்கும் இடைப்பட்ட தொலைவு அதனால் நாலரை அங்குலம் குறைந்தது, ஓட்டக்காரர்கள் மகிழ்ந்தனர். மாற்றத்திற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, வருபவர் காலுக்கும் நிற்பவர் காலுக்கும் ஒரே தளத்தில் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது.