ஒரே அறையும் ஒரே அணியும்

1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. அதனை நடத்தியவர் பேராசிரியர் கோல்டன்வைசர். அன்று இந்திய மாணவர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைப் படித்தார். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு வளர்ந்தன என்பதே அதன் பொருள். அம்மாணவருக்கு அப்போது வயது 25. அவர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

சாதியின் கொடுமையை அவர் நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர். சிறுவயதில் பள்ளியில் மற்ற மாணவரோடு அமர அவருக்கு இடமில்லை. வகுப்பறையின் மூலையில், தமக்கென்று வைத்திருந்த கோணித்துணியின்மேல் தனியே அமர்ந்து படித்தார். தாகம் எடுத்தால் தண்ணீர்க் குழாயைத் தாமே திறக்கக் கூடாது; பள்ளிப் பணியாளர் வந்து திறந்தால்தான் குடிக்க முடியும். ஆனால், கொலம்பியாவில் படித்த கட்டுரையில் அவர் தம் துயரத்தை எடுத்துரைக்கவில்லை. மருத்துவர் நோயின் வேரைத் தேடுவது போல, சாதி என்னும் அமைப்பு எதனால் நிலைத்து நிற்கிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்ட விடை அகமணம் என்பதாகும். தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடே ஒரு கூட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. ஒரு கூட்டம் கதவை அடைத்தபோது மற்றவையும் அதனைப் பின்பற்றித் தத்தம் கதவுகளை அடைத்துக்கொண்டன என்பது அவர் கருத்து.

மாணவர் ஒருவர் சமூகப் பிரிவினையை ஆய்வுப் பொருளாகக் கொண்டு எழுதிய கட்டுரை நூறாண்டுகளுக்குப் பின்னும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. பிரிவினையைச் சரிசெய்யும் வழிகளைத் தேடிய வேறு சில மாணவர்களும் உள்ளனர். அவர்களுடைய ஆய்வுகள் மிக அண்மைக் காலத்தவை. அவற்றுள் இரண்டு இந்தியாவிலேயே நிகழ்ந்தவை.

பழகினால் போதுமா?

பிரிந்து கிடப்பவர்களைப் பழகச் செய்தால் வெறுப்பு நீங்கும் என்பது பலரும் சொல்லும் கருத்து. ஆனால் மேலே கண்ட வகுப்பறையை நினைத்துப் பார்த்தால் அக்கருத்து அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும. சிறுவன் பீமராவும் மற்ற மாணவரும் ஒரே அறையில்தான் இருந்தனர். ஒரே ஆசிரியரிடம்தான் பாடம் கேட்டனர். அவர்களுக்கிடையே இருந்த சுவர் ஒரு செங்கல் அளவும் குறையவில்லை.

அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட், மனிதரிடம் உள்ள முற்சாய்வு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒருவரைப் பற்றி ஏதும் அறியாமலே அவரைத் தாழ்வாகவோ தீயவராகவோ எண்ணிவிடுவதே முற்சாய்வு. வெறுமனே அருகருகே இருப்பதால் அது குறையாது என்றார் ஆல்போர்ட். இரு தரப்பினரும் சமநிலையில் பழக வேண்டும். அவர்களுக்குப் பொதுவான நோக்கம் இருக்க வேண்டும். அதனை அடைய ஒருவருக்கொருவர் துணை நிற்க வேண்டும். சட்டமோ, ஆசிரியரோ, ஊர்ப் பெரியவர்களோ அப்பழக்கத்துக்கு ஆதரவளிக்க வேண்டும். இவை இருந்தால்தான் பயன் விளையும் என்பது அவர் கருதுகோள். கருதுகோள் என்பது இன்னும் சோதித்து உறுதி செய்யப்படாத கருத்து.

இதனைச் சோதிப்பதில் ஓர் இடர் உண்டு. பிற சாதியாரிடம் நட்புக் கொண்டவர்களிடம் வெறுப்புக் குறைவாக இருப்பதாக ஓர் ஆய்வாளர் காண்கிறார் என்று கொள்வோம். நட்பினால் வெறுப்புக் குறைந்ததா? அல்லது, முன்பே வெறுப்புக் குறைந்தவர்கள்தாம் நட்புக் கொண்டார்களா? எது காரணம், எது விளைவு என்று தெரியாமல் போய்விடும். ஆகவே யார் யாருடன் பழக வேண்டும் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் போன்ற ஏதேனும் ஒன்று தீர்மானித்திருக்க வேண்டும். அப்போதுதான் விடை தெளிவாகக் கிடைக்கும்.

தில்லிப் பள்ளிகளில் ஓர் ஓட்டப் பந்தயம்

தில்லியில் உள்ள தனியார் பள்ளிகள் பல, அரசு குறைந்த விலைக்கு வழங்கிய நிலத்தில் கட்டப்பட்டவை. அத்தகைய பள்ளிகள் 2007ஆம் ஆண்டு முதல், தொடக்க வகுப்பில் புதிதாகச் சேர்க்கும் மாணவர்களுள் நூற்றுக்கு இருபது பேரை ஏழைக் குடும்பங்களிலிருந்து கட்டணமின்றிச் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் வந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதனை நூற்றுக்கு இருபத்தைந்து என்று நாடு முழுமைக்கும் விரிவாக்கியது.

பெற்றோர் பலர் அஞ்சினர். ஏழைப் பிள்ளைகளோடு அமர்ந்தால் தம் பிள்ளைகளின் படிப்பும் பழக்கமும் கெட்டுவிடும் என்ற பேச்சு எழுந்தது. அப்பேச்சு உண்மையா என்று ஆராய முற்பட்டவர் கௌதம் ராவ். அவர் அப்போது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்ட மாணவர்.

அவருக்கு ஓர் அரிய வாய்ப்பு அமைந்திருந்தது. 2007இல் சேர்ந்த வகுப்பில் ஏழை மாணவர்கள் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் சேர்ந்த வகுப்பில் இல்லை. பள்ளி ஒன்றே, அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இரு வகுப்புகளிலும் உள்ள செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டால், ஏழை நண்பர்களோடு படித்ததனால் ஏற்பட்ட மாற்றம் தனியே தெரிந்துவிடும்.

“நீ ஏழைகளை மதிக்கிறாயா?” என்று அவர் வினவவில்லை. அவ்வாறு கேட்டால் எந்தப் பிள்ளையும் “ஆம்” என்றே விடை சொல்லும். அதற்கு மாறாக அவர் ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் நடத்தினார். வேறொரு பள்ளியிலிருந்து ஏழை மாணவர்களும் அதில் கலந்துகொண்டனர். முதலில் எல்லாரும் ஓடிக் காட்டினர். யார் விரைந்து ஓடுபவர் என்பது அனைவருக்கும் தெரிந்தது. பின்னர்ச் செல்வக் குடும்பத்து மாணவர் ஒவ்வொருவரும் தமக்குத் துணை ஓட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரைந்து ஓடும் ஏழை மாணவரா, அவரைவிட மெதுவாக ஓடும் செல்வ மாணவரா? வென்றால் பரிசுப் பணம் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்தவரோடு பின்னர்ச் சிறிது நேரம் சேர்ந்திருந்து பழகவும் வேண்டும்.

பரிசு 500 ரூபாய் என்றபோது, விரைந்து ஓடும் ஏழை மாணவரை ஒதுக்கியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவினரே. 50 ரூபாய் என்றபோதோ, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவரை ஒதுக்கினர். பணம் பெரிதாகும்போது பாகுபாடு ஒளிந்துகொள்கிறது; இழப்புச் சிறிதாகும்போது வெளியே வருகிறது. பாகுபாட்டுக்கு இவ்வாறு விலை கட்டிக் காட்டியதே இவ்வாய்வின் நுட்பம் எனலாம்.

ஏழை வகுப்புத் தோழர்களைக் கொண்டிருந்த மாணவர்களிடம் இவ்வாறு ஒதுக்கும் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. அவர்கள் ஒதுக்காதது தம் வகுப்புத் தோழர்களை மட்டுமன்று; முன்பின் அறியாத ஏழை மாணவர்களையும் அவர்கள் ஒதுக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு நிதி திரட்டும் அறப்பணிக்குத் தாமாக முன்வந்தோரும் அவர்களுள் மிகுதி. பெற்றோர் அஞ்சிய படிப்பு? இந்தியிலும் கணக்கிலும் மாற்றமில்லை. ஆங்கில மதிப்பெண் மட்டும் சற்றே குறைந்தது. அதையும் ராவ் மறைக்காமல் எழுதியுள்ளார்.

இன்னொரு செய்தி இவற்றைவிடச் சுவையானது. சில பள்ளிகளில் மாணவர்களைப் படிப்புக் குழுக்களாகப் பிரிக்கும்போது பெயரின் அகரவரிசையைப் பின்பற்றினர். ஏழை மாணவரின் பெயருக்கு அருகில் தம் பெயர் அமைந்துவிட்டதனால் மட்டுமே அவரோடு ஒரே குழுவில் சேர்ந்தவர்கள் இருந்தனர். அவர்களிடம் மாற்றம் தெளிவாகக் காணப்பட்டது. ஒரே குழுவில் கூடிப் படித்தது மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதற்கு இது சான்றாயிற்று. ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எளிமைக்காகச் செய்த ஏற்பாடு, ஆல்போர்ட்டின் கருத்துக்குத் துணை நின்றது!

வாரணாசியில் மட்டையும் பந்தும்

தில்லியில் ஆராயப்பட்டது ஏழை, செல்வர் என்னும் வேற்றுமை. சாதி வேற்றுமையை ஆராய்ந்தவர் மேத்யூ லோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த அவர், 2017ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் வாரணாசி மாவட்டத்துச் சிற்றூர்களில் எட்டுக் கிரிக்கெட் தொடர்களை நடத்தினார். ஒவ்வொன்றும் ஒரு மாதக் காலம் நடைபெற்றது. பொதுப் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் என 1,261 இளைஞர்கள் ஆய்வில் இடம்பெற்றனர்.

யார் ஆடுவது, யார் ஆடாமல் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. சில அணிகளில் ஒரே சாதிப் பிரிவினர். சில அணிகளில் பல பிரிவினரும் கலந்திருந்தனர். எதிரணியும் அவ்வாறே குலுக்கலால் அமைந்தது. ஆகவே ஓர் இளைஞர் பிற சாதியாரோடு தோள் சேர்ந்து ஆடினாரா, அவரை எதிர்த்து ஆடினாரா என்பதைத் தனித்தனியே அளக்க முடிந்தது.

ஆட்டங்கள் முடிந்தபின் லோ ஒரு விந்தையான சோதனை செய்தார். இளைஞர்களுக்குக் கையுறைகளும் செருப்புகளும் வழங்கினார். ஆனால் ஒருவருக்குக் கிடைத்தவை இரண்டும் ஒரே கைக்கோ ஒரே காலுக்கோ உரியவை. இணை சேர வேண்டுமானால் வேறொருவரைத் தேடிச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும். தம் சாதியாரிடம் மட்டும் சென்றவர்களுக்கு மாற்றும் வாய்ப்புக் குறைவு.

கலப்பு அணியில் ஆடியவர்கள் பிற சாதியாரோடு எளிதாக மாற்றிக்கொண்டனர். அவர்களுக்குப் பிற சாதி நண்பர்களும் கூடினர். பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும்போது தம் சாதியாருக்குச் சலுகை காட்டுவதும் குறைந்தது. பிற சாதியாரை எதிரணியில் மட்டுமே மிகுதியாகக் கண்டவர்களிடம் இந்நன்மை இல்லை. அவர்களிடையே கலந்து பழகுவது பொதுவாகக் குறையவே செய்தது. ஒரே திடல், ஒரே ஆட்டம், ஒரே பந்து. ஆனால் ஒரே பக்கத்தில் நின்று ஆடுவதும் எதிரெதிரே நின்று ஆடுவதும் வெவ்வேறு விளைவுகளைத் தந்தன. ஊர்களில் தெருவுக்கு ஓர் அணி அமைத்து நட்பை வளர்க்க எண்ணுவோர் இம்முடிவைக் கருத்தில் கொள்வது நல்லது.

திடலுக்கு வெளியே

மூன்றாவது ஆய்வு ஈராக் நாட்டில் நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டு ஐ.எஸ். படையினர் அந்நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றியபோது கிறித்தவர்கள் வீடு வாசல்களை விட்டு ஓடினர். பின்னர், அயலில் வாழ்ந்த முஸ்லிம் மக்களிடமும் அவர்களுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவி சல்மா மூசா, இக்கிறித்தவ இளைஞர்களுக்காகக் கால்பந்துத் தொடர்கள் நடத்தினார். குலுக்கல் முறையில் சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களும், மற்ற அணிகளில் கிறித்தவ ஆட்டக்காரர்களும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டனர். ஆய்வு முடிவுகள் 2020இல் வெளிவந்தன.

முஸ்லிம் தோழர்களோடு ஆடிய கிறித்தவர்கள், அடுத்த தொடரிலும் கலப்பு அணியில் ஆட விரும்பினர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தனர். நன்னடத்தை விருதுக்குப் பிற அணி முஸ்லிம் ஆட்டக்காரருக்கும் வாக்களித்தனர். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகரில் உள்ள உணவகத்துக்குச் செல்வீர்களா என்ற சோதனையில் அவர்களிடம் மாற்றம் பெரிதாகத் தென்படவில்லை. திடலில் பிறந்த நம்பிக்கை, அறிமுகமற்றவர் வாழும் தெரு வரை செல்லவில்லை.

அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு பற்றிய உரையில் இதையொத்த ஐயம் ஒன்று உண்டு. பல சாதியாரும் கூடி உண்பதால் மட்டும் சாதி அழிந்துவிடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அவர் வாதிட்டார். 2011-12இல் நாடு தழுவி நடத்தப்பட்ட இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பின்படி, கலப்பு மணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தே.

அந்த ஐந்தை எது கூட்டும் என்று குலுக்கல் முறையால் ஆராய இயலாது. சீட்டெடுத்து யாருக்கும் மணமுடிக்க முடியாது அல்லவா? ஆனால் அதற்கு முந்தைய படிகளை அளக்கலாம். உணவு இடைவேளையில் யார் யாரோடு அமர்கின்றனர், பிறந்தநாளுக்கு யார் வீட்டுக்கு யார் அழைக்கப்படுகின்றனர், படிப்புக் குழுக்களை மாற்றியமைத்த மூன்று மாதங்களுக்குப்பின் அவ்வழைப்புகளில் மாற்றம் உண்டா என்பன பள்ளி மாணவர்களே கணக்கெடுக்கக்கூடியவை. பல மாநிலத்துப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் பள்ளியில் சாதிக்குப் பதிலாகத் தாய்மொழியைக் கொண்டும் இதனைச் செய்யலாம். பெயர்களை வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துவைக்க வேண்டும். ஒருவரிடமும் அவருடைய சாதியைக் கேட்டல் கூடாது. குழுக்களைப் பிரிப்பதற்கு வருகைப் பதிவேட்டின் அகரவரிசையே போதும்.