பந்தயம் ஒரு நாள், பாதை பத்து நாள்

மோட்டார்ப் பந்தயம் காணவென்று கடல் கடந்து செல்பவர் பலர், நுழைவுச்சீட்டும் விடுதி அறையும் கிடைத்துவிட்டால் ஏற்பாடுகள் யாவும் நிறைவேறிவிட்டன என எண்ணுவர். பந்தயமோ ஒரு பிற்பகலில் தொடங்கி இரண்டு மணி நேர அளவில் முடிந்துவிடுவது. மழை மிகுந்தால் அதுவும் நடைபெறாது போகலாம். ஆதலின், பந்தயத்தை நடுவில் வைத்து, அதன் முன்னும் பின்னும் வண்டியோட்டிச் செல்லும் நாட்களையே பயணத்தின் உடலாக அமைத்துக்கொள்வது அறிவுடைமை. ஐரோப்பாவில் இவ்வகைப் பயணத்துக்குப் பொருத்தமான இடங்களுள் ஒன்று, பெல்ஜியத்தின் கிழக்கு எல்லையை அடுத்துள்ள ஸ்பா பிராங்கோர்ஷாம் பந்தயக் களமாகும்.

இக்களம் ஆர்டென் என்னும் மலைக்காட்டுப் பகுதியில் உள்ளது. மலை என்றவுடன் அல்ப்ஸ் மலையை எண்ணுதல் வேண்டா. பெல்ஜியத்தின் மிக உயர்ந்த இடமே 694 மீற்றர்தான். அலையலையாய் எழுந்து தாழும் குன்றுகளும், அவற்றிடையே வளைந்தோடும் சிற்றாறுகளும், கல்வீடுகள் நிறைந்த சிற்றூர்களுமே அப்பகுதியின் அழகு. 1921 ஆம் ஆண்டில், பிராங்கோர்ஷாம், மல்மெடி, ஸ்தாவலோ ஆகிய மூன்று ஊர்களின் பொது வீதிகளை முக்கோணமாக இணைத்து, ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமான பந்தயச் சுற்று வகுக்கப்பட்டது. மற்றைய நாட்களில் உழவரும் வணிகரும் சென்ற அதே வீதியில், பந்தய நாளன்று போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் பந்தய வண்டிகளை ஓட்டினர். வீதியோரத்து வீடுகளும் மரங்களும் கம்பங்களும் இருந்தவாறே இருந்தன.

அதன் விளைவு கொடியதாயிற்று. 1960 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, அலன் ஸ்டேசி என்னும் இளம் ஓட்டுநர் இருவர் ஒரே நாளில் உயிரிழந்தனர். 1966 இல், வறண்ட வீதியிற் புறப்பட்ட வண்டிகள் முதற் சுற்றிலேயே கடுமழைக்குள் புகுந்தன. ஏறக்குறைய பாதி வண்டிகள் பந்தயத்தினின்றும் நீங்கின. ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜாக்கி ஸ்டுவர்ட், நசுங்கிய வண்டிக்குள் சிக்குண்டு, கசிந்த எரிபொருளில் நனைந்தவாறு கிடந்தார். அவரை மீட்டவர்கள் வீதிவிட்டு விலகிய சக ஓட்டுநராகிய கிரகாம் ஹில்லும் பொப் பொண்டுரன்டுமே. சுக்கானைக் கழற்றுதற்கு வேண்டிய ஸ்பானர்கூட அவர்களிடம் இல்லை. பார்வையாளர் ஒருவரிடம் இரவல் பெற்றனர். அதன்பின் ஸ்டுவர்ட் தம் சுக்கானிலேயே ஒரு ஸ்பானரைக் கட்டி வைத்துக்கொண்டு பந்தயங்களில் ஓடினார். பாதுகாப்புக்காக அவரும் ஏனைய ஓட்டுநரும் இடைவிடாது வாதாடினர். 1969 இல், கேட்ட திருத்தங்கள் செய்யப்படாமையால் பெல்ஜியப் பந்தயம் கைவிடப்பட்டது. 1970 இல் பழைய சுற்றில் இறுதியாக நடந்த போர்முலா வன் பந்தயத்தில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 240 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. 1979 இல் சுற்று ஏழு கிலோமீற்றராகச் சுருக்கப்பட்டது. 1983 இல் போர்முலா வன் பந்தயம் அங்கு மீண்டது.

பிரயாணத்துக்குத் திட்டமிடுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், கைவிடப்பட்ட அந்தப் பழைய வீதி இன்றும் பொதுமக்கள் வீதியாகவே இருக்கின்றது. மல்மெடியிலிருந்து ஸ்தாவலோவுக்கு மஸ்தா என்னும் சிற்றூர் வழியாக எவரும் வண்டியோட்டிச் செல்லலாம். இருபுறமும் பசும்புல் வெளிகளும் மேயும் மாடுகளும் காணப்படும். பந்தய ஓட்டுநர் எவரும் இக்காட்சியைக் கண்டு சுவைத்திருக்க இயலாது. மெல்லச் செல்பவருக்கே அது வாய்க்கும்.

திட்டத்தின் முதற்படி நாட்காட்டியைப் பார்த்தல். முன்னர் ஓகஸ்ட் மாத இறுதியில் நடந்துவந்த பெல்ஜியப் பந்தயம், 2023 முதல் ஜூலை மாதத்துக்கு மாற்றப்பட்டது. மேலும், 2025 இல் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தின்படி, 2026, 2027, 2029, 2031 ஆகிய ஆண்டுகளுக்கே அங்கு பந்தயம் உறுதி செய்யப்பட்டது. எனவே ஆண்டையும் திகதியையும் உறுதி செய்தபின்னரே விடுமுறைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அடுத்தது தங்குமிடம். ஸ்பா, ஸ்தாவலோ, மல்மெடி ஆகியன சிற்றூர்களே. பந்தய வாரத்தில் அங்குள்ள அறைகள் விரைவில் நிரம்பிவிடும். ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லியேஜ் பெருநகரில் தங்கிப் பந்தய நாளன்று விடியுமுன் புறப்படுதல் எளிய வழி.

மழையையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். களத்தின் ஒரு முனையில் வெயில் எறிக்க, மறுமுனையில் மழை பொழிவது ஆர்டெனில் புதுமையன்று. 2021 ஓகஸ்ட் 29 ஆம் திகதி, மழையில் பல மணி நேரம் காத்திருந்த மக்கள் கண்டதெல்லாம், பாதுகாப்பு வண்டியின் பின்னே பந்தய வண்டிகள் ஊர்ந்த சில சுற்றுகள் மட்டுமே. வென்றவருக்கும் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. அன்று பந்தயத்தை மட்டும் நம்பி வந்தவர் வெறுங்கையராய்த் திரும்பினர். பாதையையும் நம்பி வந்தவருக்கோ மறுநாட் காலையில் காடும் ஆறும் காத்திருந்தன.

அப்பாதையை வட்டமாக வகுத்துக்கொண்டால், போன வழியே திரும்ப வேண்டிய அலுப்பு இராது. பிரசல்ஸ் நகரில் வண்டியை வாடகைக்குப் பெற்று, முதலில் மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள டினான் ஊரை அடையலாம். செங்குத்தான பாறைமேல் ஒரு கோட்டையும், அதன் அடிவாரத்தில் ஒரு தேவாலயமும் அங்குண்டு. சக்சபோன் இசைக்கருவியை உருவாக்கிய அடொல்ப் சக்ஸ் 1814 இல் பிறந்ததும் அவ்வூரிலேயே. அங்கிருந்து காட்டு வீதிகள் வழியாக ஸ்தாவலோவை அடைந்து, பந்தயத்தின் மூன்று நாட்களையும் கழிக்கலாம். ஓய்வு வேளையில் ஸ்பா நகரின் கனிமநீர் ஊற்றுகளைக் காணலாம். உலகெங்கும் நீராடு நிலையங்களுக்கு வழங்கும் 'ஸ்பா' என்னும் பெயர் இவ்வூரின் பெயரே. 2021 இல் யுனெஸ்கோ இதனை ஏனைய பத்து ஊற்று நகரங்களுடன் உலக மரபுரிமையாக ஏற்றது.

பந்தயம் முடிந்ததும் கிழக்கே திரும்பி, ஓட் பாஞ் என்னும் மேட்டுச் சதுப்பு நிலத்தைக் கடந்தால் ஜேர்மனியின் மொன்ஷவ் நகர் வரும். மரச்சட்டமிட்ட பழைய வீடுகள் சிற்றாற்றின் இரு கரையிலும் நெருங்கி நிற்கும். அதற்கப்பால் ஐபல் மலைப்பகுதியில், 1927 இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் களம் உள்ளது. அதன் வடக்குச் சுற்று 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. 1976 இல் நிக்கி லவுடா தீயிற் சிக்கி உயிர்தப்பியது இங்கேதான். அதன்பின் போர்முலா வன் பந்தயம் அச்சுற்றுக்குத் திரும்பவில்லை. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சில நாட்களில் அங்கு வண்டியோட்டலாம். ஆயினும், வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பொதுவாக அதனைத் தடை செய்கின்றன. விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடாது. பார்வையாளர் இடத்தில் நின்று பார்த்து மகிழ்தலே தக்கது.

அங்கிருந்து தெற்கே கொக்கெம் நகரில் மோசல் ஆறு எதிர்ப்படும். ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் சரிவெங்கும் திராட்சைக் கொடிகள் படர்ந்திருக்கும். கரையோர வீதியைப் பற்றிக்கொண்டு சென்றால் திரியர் நகரை அடையலாம். உரோமர் கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கரிய நுழைவாயில் அங்கு இன்றும் நிற்கின்றது. மேலும் சென்றால், அதே ஆற்றங்கரையில் லக்சம்பேர்க் நாட்டின் சிற்றூராகிய செங்கன். 1985 இல் ஐந்து நாடுகள் தம் எல்லைச் சோதனைகளை நீக்குதற்கு உடன்பட்டு ஒப்பமிட்டது அங்கு நின்ற ஒரு படகிலேயே. இன்று ஐரோப்பிய விசாவுக்கு வழங்கும் பெயர் அவ்வூரினின்றும் வந்தது. அதன்பின் லக்சம்பேர்க் நகரைக் கண்டு பிரசல்ஸ் மீளலாம். இவ்வட்டம் முழுவதும் ஆயிரம் கிலோமீற்றருக்கு உட்பட்டதாதலின், பத்து நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றரே ஆகும்.

இலங்கையிலிருந்து செல்பவர் சிலவற்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். விசா விண்ணப்பத்தை அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே செய்தல் முறை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை நாட்டிலிருந்து புறப்படுமுன் பெறுதல் வேண்டும். எல்லைகளில் சில வேளை சோதனை நடைபெறுவதால் கடவுச்சீட்டு எப்போதும் கையிலிருத்தல் நன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது, அங்கே வண்டிகள் வலப்புறமாகச் செல்கின்றன என்பதே. இடப்புறம் பழகிய கை, களைத்த வேளையிலும், வெறிச்சோடிய வீதியில் திரும்பும்போதும் தன்னையறியாமல் இடப்புறம் நாடும். எனவே முதல் நாள் விமானம் விட்டிறங்கியவுடன் வண்டியோட்டாது ஓய்வு கொள்ளல் வேண்டும். குறியீடு இல்லாத சந்திகளில் வலப்புறமிருந்து வருபவருக்கே முதலுரிமை. பெல்ஜிய நெடுஞ்சாலைகளில் மணிக்கு 120 கிலோமீற்றரும், ஊர்களுக்குள் பொதுவாக 50 கிலோமீற்றரும் உச்ச வேகங்கள்.

பந்தயம் பார்த்துத் திரும்புபவரின் காலில் வேகவெறி ஏறியிருப்பது இயல்பு. அவ்வீதிகளில் அதே வெறியின் விலையைப் பலர் உயிரால் செலுத்தியபின்னரே, பந்தயம் வேலிக்குள் ஒதுக்கப்பட்டது. வேகத்தை வேலிக்குள் இருப்பவரிடம் விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே நிதானமாகச் செல்பவரே அந்நாட்டை முழுமையாகக் கண்டு நலமே வீடு திரும்புவர்.