உளி தொடும் முன்பே உருவாகும் பாவை

கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம், பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி ஆலயம் என நம் வட்டாரத்துத் திருத்தலங்களில் விழாக்காலம் வந்தால் நாதசுரமும் பரதமும் சமயச் சொற்பொழிவும் களைகட்டும். தமிழகத் திருவிழாக்களில் இவற்றோடு உடன்பிறந்த கலையாகிய பாவைக்கூத்து மட்டும் இங்கே அரிதாகவே மேடையேறுகிறது. இராமகாதையையோ கந்தபுராணத்தையோ பாவைகளைக் கொண்டு நடத்த விரும்பும் மெய்யன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பாவை முதலில் பிறப்பது தாளில்தான். மரமும் தோலும் பின்னர் வருபவை.

பாவையாட்டம் தமிழர்க்குப் புதியதன்று. நாணமற்றோரின் இயக்கத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர், தமது 1020ஆம் குறளில். உயிரற்ற மரம் உயிருள்ளதுபோல் மயக்க வேண்டுமாயின், கயிறு எங்கே கட்டப்பட வேண்டும் என்பதைக் கலைஞன் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

எடையே முதற் கணக்கு

கும்பகோணம் மணி ஐயர் போன்றோர் புகழ்பெறச் செய்த பொம்மலாட்டத்தில் ஒரு பாவை நாலரை அடி உயரமும் ஏறத்தாழ 10 கிலோ எடையும் கொண்டிருக்கும். அதன் கயிறுகள் இரும்பு வளையம் ஒன்றில் இணைக்கப்பட, அவ்வளையத்தை ஆட்டுவிப்பவர் தம் தலையில் அணிந்துகொள்வார். பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். ஆகவே மரத்தில் கூடும் ஒவ்வோர் எடையும் அவர் கழுத்தின் மீதே இறங்கும். மகுடம் எவ்வளவு பெரிது, பட்டாடை எவ்வளவு கனம் என்பவற்றையெல்லாம் மரம் அறுக்குமுன் தாளில் கணக்கிட வேண்டுவது இதனாலேயே.

பாத்திரம் செய்யப்போகும் செயலையும் முன்னரே குறித்தல் நலம். நடனமாடும் பாவைக்கு மூட்டுகள் பல வேண்டும். அரியணையில் அமர்ந்திருக்கும் தசரதனுக்கு அத்தனை தேவையில்லை. கிளந்தான் வாயாங் கூலிட்டில் பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசையும். அந்த ஒரு கையே வணங்கவும் வாதாடவும் போரிடவும் போதுமானதாக இருக்கிறது.

திரைக்கு முன்னும் பின்னும்

தோற்பாவைக்கு வேறொரு நுட்பம் உண்டு. திரைக்குப் பின்னிருப்பவர்க்கு வலப்புறம் நோக்கும் உருவம், முன்னிருப்பவர்க்கு இடப்புறம் நோக்கும். ஆட்டுவிப்பவர் பக்கம் முகம் காட்டுமாறு வரையப்பட்ட முருகப்பெருமானின் வலக்கை வேல், அவையோர் கண்ணுக்கு இடக்கைக்கு மாறிவிடும்! வரைபடத்தை விளக்கொளியில் பிடித்துப் பின்புறமாகவும் பார்த்த பின்னரே தோலுக்கு மாற்ற வேண்டும். தாளில் நேர்ந்த பிழையை அழித்துவிடலாம். வெட்டிய தோலை ஒட்டவியலாது.

கேரளத்துப் பகவதி கோயில்களில் கம்பன் பாடல்களைத் தமிழிலேயே ஓதி நிகழ்த்தப்படும் தோற்பாவைக்கூத்து, இக்கலையின் பக்தி நெறிக்குத் தக்க சான்று. தாரகனோடு போரிட்டுக் கொண்டிருந்தமையால் இராவண வதத்தைக் காணாது போன பத்ரகாளி அன்னைக்காகவே அது நடைபெறுகிறது என்பது ஐதிகம். மக்கள் எவரும் வாராத இரவிலும் கூத்து நிற்பதில்லை. அம்மரபைப் பேணிவரும் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கோலாலம்பூர் தரும் பாடம்

புதிய பாத்திரத்தை மரபுக்குள் அமைக்க இயலுமா என்ற ஐயம் எழலாம். 2012இல் தொடங்கிய ‘ஃபியூஷன் வாயாங் கூலிட்’ முயற்சி இதற்கு விடை தந்தது. ஓவிய வடிவமைப்பாளர் டிண்டோய் சுவோ, ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட மாந்தரைக் கிளந்தான் பாவைகளின் சாயலில் அமைத்தபோது, மரபறிந்த டோக் டாலாங்காகிய பாக் டாயின் அவர்களின் வழிகாட்டலைப் பெற்றார். உருவம் புதிது, இலக்கணம் பழையது.

வெள்ளித்திரைப் பாத்திரத்துக்கே இத்துணைக் கவனம் தேவையெனில், தெய்வத் திருவுருவுக்கு எத்துணை வேண்டும்! ஆயுதம், முத்திரை, நிறம், வாகனம் ஆகியவற்றை ஆலய அர்ச்சகரிடமும் ஸ்தபதியிடமும் வரைபட நிலையிலேயே காட்டித் தெளிவு பெறுதல் கடமையாகும்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் புரவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழாவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பாவை செய்யப் பணிப்பது கலைஞனையும் கலையையும் ஒருங்கே வருத்தும். வரைபடத்துக்கெனக் காலத்தையும் தக்க சன்மானத்தையும் தனியே ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு பாவையேனும் இவ்வண்ணம் முறையாக உருவாகுமாயின், நம் பிள்ளைகள் சீதாபிராட்டியையும் வள்ளிநாயகியையும் விளக்கொளியில் கண்டு வணங்கும் நாள் தொலைவில் இல்லை.